ஒரு ரூம் இழுத்துக் கட்ட எத்தனை நாள்? தாமதம் எங்கே நுழைகிறது, எப்படி அடைப்பது?

இருக்கிற வீட்டை ஒட்டி 12-க்கு 18 அடியில் ஒரு படுக்கையறை, அதற்குள்ளேயே ஒரு பாத்ரூம். "ரெண்டு மாசத்துல முடிச்சுக் குடுத்துடறேன்" என்பார் காண்ட்ராக்டர். இதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆட்கள் கை வைத்து வேலை செய்யும் நாட்களை மட்டும் கூட்டினால் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். கான்கிரீட் இறுகும் நாள், பூச்சு காயும் நாள், ஆர்டர் கொடுத்த ஜன்னல் வந்து சேரும் நாள், நீங்கள் டைல்ஸ் பார்த்து முடிவு சொல்லும் நாள் எதுவும் அந்தக் கூட்டலில் இருக்காது. இவற்றையும் சேர்த்தால் 14 முதல் 16 வாரம் ஆகும்.

ஆகவே "எத்தனை மாசம் ஆகும்?" என்று கேட்டு ஒரு எண்ணை வாங்கிக்கொள்வதில் பயனில்லை. எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று கேளுங்கள். காத்திருந்தே ஆகவேண்டிய நாட்கள் எவை, சும்மா ஓடும் நாட்கள் எவை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் காண்ட்ராக்டரிடம் எங்கே கறாராக நிற்பது, எங்கே விட்டுக்கொடுப்பது என்பதும் தெரிந்துவிடும்.

216 சதுர அடிக்கு நாள் கணக்கு

வரைபடம், என்ஜினியர் கணக்கு, விலைப்புள்ளி, கட்டட அனுமதி எல்லாம் முடிந்து ஆள் இறங்கும் நாளிலிருந்து கணக்கை ஆரம்பிப்போம். வாரத்துக்கு ஆறு வேலை நாள். செங்கல் சுவர், மேலே ஆர்.சி.சி. (கம்பி கட்டிய கான்கிரீட்) தளம்.

கோடு போட்டு, குழி வெட்டி, அடியில் பி.சி.சி. (கம்பி இல்லாத கான்கிரீட்) போடும் வரை 5 நாள். அஸ்திவாரம், பேஸ்மென்ட் சுவர், பிளிந்த் பீம் (தரைமட்டத்தில் சுவருக்கு அடியில் ஓடும் கான்கிரீட் விட்டம்) என்று மேலும் 10 நாள். உள்ளே மண் கொட்டி, தண்ணீர் விட்டு, அரையடி அடுக்காகத் திமிசால் இடித்து இறுக்க 3, 4 நாள். இந்த மண் நிரப்பும் வேலையை ஒரே நாளில் முடித்துக் காட்டுகிறவர்கள் உண்டு. லோடு மண்ணை மொத்தமாகக் கொட்டி மேலே தண்ணீர் தெளித்துவிட்டால் பார்க்கச் சமமாகத்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்து டைல்ஸ் மூலையில் இறங்கும்.

சுவர் கணக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்பது நல்லது, ஏனென்றால் "ஆளைக் கூட்டினால் வேகமாக முடியும்" என்ற நினைப்பு எங்கே உடைகிறது என்பது இதில் தெரியும். வீட்டை ஒட்டிய பக்கம் போக மற்ற மூன்று சுவர்களும் சேர்ந்து 42 அடி நீளம், 10 அடி உயரம். கதவு ஜன்னல் கழித்தால், 9 அங்குலச் சுவருக்குச் சுமார் 3,800 கல். ஒரு கொத்தனார் ஒரு நாளில் 500, 600 கல் வைப்பார். இரண்டு பேர் நின்றால் நான்கே நாள் என்று கணக்கு சொல்லும். ஆனால் கலவை ஈரமாக இருக்கும்போதே மேலே மேலே ஏற்றினால் கீழ் வரிசை பிதுங்கிச் சுவர் தூக்கு (நேர்க்குத்து) மாறிவிடும். அதனால் ஒரு நாளில் மூன்றரை, நான்கு அடியோடு நிறுத்துவதுதான் சரி. ஏழடியில் லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை) வருகிறது. பெட்டி அடித்து, கம்பி வைத்து, கான்கிரீட் போட்டு, அது கொஞ்சம் இறுகிய பிறகுதான் மேல் வரிசை. நடுவில் சாரம் கட்ட ஒரு நாள். ஆக 10 முதல் 12 நாள். நான்கு கொத்தனாரை இறக்கினாலும் இது 8 நாளுக்குக் கீழே வராது.

சென்ட்ரிங் (ஈரக் கான்கிரீட்டைத் தாங்கும் பலகை) அடித்து, கம்பி கட்டி, ஒயரிங் பைப்பும் ஃபேன் ஹூக்கும் வைக்க 6 நாள். கான்கிரீட் போடுவது அரை நாள் வேலை: 5 அங்குலத் தளத்துக்கு இரண்டரை கன மீட்டர் கான்கிரீட், ஏறக்குறைய 20 மூட்டை சிமெண்ட். இதோடு ஆறு, ஆறரை வாரம் முடிகிறது.

கூரை போட்டதும் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நினைக்கத் தோன்றும். கணக்குப்படி பாதிகூட ஆகவில்லை. இதற்குப் பிறகு, தளத்தை அடியிலிருந்து தாங்கும் முட்டு நிற்கும் இரண்டு வாரம். ஒயரிங், பிளம்பிங்குக்குச் சுவர் வெட்டிப் பைப் பதிக்க 6 நாள். உள்ளும் வெளியும் சேர்த்துச் சுமார் 110 சதுர மீட்டர் பூச்சுக்கு இரண்டு கொத்தனார் 6, 7 நாள், அதற்குத் தண்ணீர் விட ஒரு வாரம். பாத்ரூம் வாட்டர்புரூஃபிங், தண்ணீர் தேக்கிப் பார்ப்பது எல்லாம் சேர்த்து ஒரு வாரம். பழைய சுவரை உடைத்து வழி திறக்க 4 நாள். டைல்ஸ் 9, 10 நாள். கதவு ஜன்னல் 3 நாள். பட்டி, பிரைமர், பெயிண்ட் 11, 12 நாள். குழாய், சுவிட்ச், விளக்கு மாட்ட 3 நாள். குறை சரிசெய்ய ஒரு வாரம். சில வேலைகள் ஒன்றோடொன்று சேர்ந்தே நடக்கும் என்பதால் இதையெல்லாம் அப்படியே கூட்ட வேண்டாம். கூரைக்குப் பின் 8 முதல் 10 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மடங்கு பெரிய அறை என்றால் இரண்டு மடங்கு நாள் ஆகுமா? ஆகாது, ஒரு மாதம் கூடலாம். சின்ன வேலைக்கும் அதே பத்து வகை ஆட்கள் வந்துதான் ஆகவேண்டும். உங்கள் பாத்ரூமில் பிளம்பருக்கு மூன்று தடவையாக மொத்தம் நாலு நாள் வேலை. அந்த நாலு நாளுக்காக அவரைக் காண்ட்ராக்டர் கையில் வைத்துக்கொண்டிருக்க மாட்டார். வேறு பெரிய சைட்டில் இடைவெளி கிடைக்கும்போது அனுப்புவார். சின்ன எக்ஸ்டென்ஷன்கள் பெரிய வீட்டை விட அதிகமாக இழுத்துக்கொண்டு போக முக்கியக் காரணம் இதுதான்.

மாடி மேல் அறை எடுப்பதற்கு அஸ்திவார வேலை மிச்சமாகும் என்பார்கள். அந்த மிச்சத்தைத் தட்டோடு (மொட்டைமாடித் தரையில் பதித்த ஓடு) பெயர்ப்பதும், முன்பு விட்டிருந்த தூண் கம்பியின் துருவைத் தேய்த்துச் சோதிப்பதும், படிக்கட்டும், பொருளை மேலே ஏற்றும் கூலியும் தின்றுவிடும். மழைக்காலத்தில் தட்டோடு பெயர்த்த மாடி கீழே ஒழுகும் என்பதால், தொடங்கும் மாதத்தைப் பார்த்துத் தொடங்குங்கள்.

யாரும் குறைக்க முடியாத நாட்கள்

ஆள் வராத நாளெல்லாம் தாமதம் ஆகிவிடாது. தளம் போட்ட பிறகு சைட் வெறிச்சென்று கிடந்தால் வீட்டுக்காரர் போன் போட ஆரம்பிப்பார். அந்த அவசரத்துக்குப் பணிந்து காண்ட்ராக்டர் முட்டுகளைச் சீக்கிரமே பிரித்தால் இழப்பு வீட்டுக்காரருக்குத்தான்.

சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட், நல்ல வெயில் என்றால், 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டு குறைந்தது 7 நாள் நிற்க வேண்டும். அதற்கு மேல் அகலம் போனால் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் நீளம் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். நம் அறையின் அகலம் 12 அடி, அதாவது 3.6 மீட்டர், தளத்துக்கு 7 நாள் போதும். ஆனால் பழைய சுவரை ஒட்டி 18 அடிக்கு ஒரு பீம் ஓடினால், அந்தப் பீமின் அடியில் 14 நாள். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் ஆரம்பத்தில் மெதுவாகத்தான் வலுவேறும். குளிர் நாட்களிலும் அப்படியே. அப்போது நாளைக் கூட்டுங்கள். பக்கப் பலகைகளை மறுநாளே கழற்றலாம். அதைப் பார்த்துவிட்டு "சென்ட்ரிங் பிரிச்சுட்டாங்க" என்று பதற வேண்டாம்.

கான்கிரீட்டுக்கு 7 நாள் இடைவிடாமல் ஈரம் வேண்டும், பி.பி.சி. என்றால் 10 நாள், வெயில் கொளுத்தும் காலத்தில் 14. தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதுதான் வசதி. சுவருக்கும் பூச்சுக்கும் ஒரு வாரம். காலையில் ஒரு வாளி ஊற்றிவிட்டுப் போவது க்யூரிங் ஆகாது. மதியம் தொட்டுப் பார்த்து உலர்ந்திருந்தால் அன்றைக்குக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஈரம் ஏற்றுவதற்குச் சொல்லும் கணக்கு இது. ஈரம் போவதற்கு வேறு கணக்கு. பூச்சு முடிந்து தண்ணீர் நிறுத்திய பின் பெயிண்டுக்கு நாலு வாரம் விடுவது நல்லது. தரைக்குப் போடும் சிமெண்ட் படுக்கை, நல்ல காற்றோட்டம் இருந்தால், 40, 50 மி.மீ. கனம் வரை ஒரு மி.மீ.-க்கு ஒரு நாள் என்று காயும். அதற்கு மேலுள்ள கனம் இன்னும் மெதுவாகக் காயும். டைல்ஸுக்கு இவ்வளவு உலர்வு தேவைப்படாது. மரத்தரையோ வினைலோ ஒட்டுவதாக இருந்தால் இந்த நாட்களை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க, ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது. அவசரப்பட்டுப் பட்டி பார்த்த சுவரில்தான் உப்பு பூப்பதும், பெயிண்ட் கொப்புளித்து உரிவதும். அதை மறுபடி சுரண்டி அடிக்க ஆகும் நாள், மிச்சம் பிடித்த நாளைப் போல் இரண்டு பங்கு.

பாத்ரூம் தளத்தில் வாட்டர்புரூஃப் பூச்சு இரண்டு கோட், நடுவில் காயும் நேரம், பிறகு 48 மணி நேரமாவது தண்ணீர் தேக்கிப் பார்ப்பது. சுவரில் மூடும் பைப்களில் டைல்ஸ் ஒட்டும் முன்பே பிரஷர் ஏற்றி ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். இந்த மூன்று நாளை விட்டுக்கொடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

பழையதும் புதியதும் சேரும் இடம்

தனி வீட்டுக்கும் எக்ஸ்டென்ஷனுக்கும் இங்கேதான் வித்தியாசம். எதிர்பாராத நாட்களும் பெரும்பாலும் இங்கேதான் போகும்.

முதல் வேலையாக, ஒப்பந்தம் போடும் முன்பே, சேரும் பக்கத்தில் இரண்டு இடத்தில் குழி வெட்டிப் பழைய அஸ்திவாரத்தின் ஆழத்தைப் பாருங்கள். அரை நாள் கூலி. புது அஸ்திவாரம் பழையதை விட ஆழமாகப் போகவேண்டியிருந்தால் முழு நீளத்துக்கும் ஒரே மூச்சில் தோண்டக் கூடாது. பழைய சுவர் பிடிமானம் இழந்துவிடும். மூன்று, நாலடித் துண்டாக, ஒன்று விட்டு ஒன்று தோண்டி, கான்கிரீட் போட்டு, அது இறுகியபின் அடுத்த துண்டு. இது ஒன்றே ஒரு வாரத்தைக் கூட்டிவிடும். வரைபடத்தில் இல்லாத கழிவுநீர்ப் பைப் குறுக்கே வந்தால் மாற்றி ஓட்ட மேலும் 3, 4 நாள். குழியை முன்னாலேயே பார்த்துவிட்டால் இவையெல்லாம் திட்டத்தில் ஏறிவிடும். பார்க்காவிட்டால் இரண்டாம் வாரத்திலேயே "இது கணக்குல இல்லையே சார்" என்ற பேச்சு வரும், விலையும் ஏறும்.

புதுத் தளத்தைப் பழைய சுவர் மேல் ஏற்றுவதா, தனியாகத் தூண் எடுத்து நிறுத்துவதா என்பது என்ஜினியர் முடிவு. எப்படியானாலும் புது அஸ்திவாரம் கொஞ்சம் இறங்கும்; பழையது எப்போதோ இறங்கி நின்றுவிட்டது. இரண்டையும் ஒட்டிப் பூசிவிட்டால் அந்தக் கோட்டில் விரிசல் நிச்சயம். 20 மி.மீ. இடைவெளி விட்டு, உள்ளே நிரப்புப் பலகை வைத்து, மேலே நெகிழும் சீலன்ட் போட்டு மூடச் சொல்லுங்கள். தளத்தின் மேல் அந்த இணைப்பில் மழைநீர் இறங்காதபடி தகடோ கட்டையோ வேண்டும். இதைக் கடைசியில் செய்துகொள்ளலாம் என்று விட்டால் முதல் மழையிலேயே பழைய வீட்டுச் சுவர் நனையும்.

பழைய சுவரை உடைத்து வழி திறப்பதைக் கூடியவரை பின்னால் தள்ளுங்கள். புது அறைக்குக் கூரை வந்து, வெளிக்கதவு ஜன்னல் மாட்டிய பிறகு திறந்தால் தூசியும் மழையும் திருட்டுப் பயமும் குறையும். முதல் நாளே சுவரை உடைக்கத் துடிக்கும் காண்ட்ராக்டர்களைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். வீட்டை ஒரு தடவை உடைத்துவிட்டால் வேலை வேறு கைக்குப் போகாது என்பது அவர்களுக்குத் தெரியும். அதன் பிறகு பத்து நாள் வராமல் இருந்தாலும் நீங்கள்தான் பின்னால் ஓடவேண்டும். உடைக்கும்போது மேலே முட்டுக் கொடுத்து, லிண்டல் இரு பக்கமும் 6 முதல் 8 அங்குலம் சுவரில் உட்காரும்படி நுழைத்து, மேல் இடைவெளியில் கெட்டிக் கலவையைக் குத்தி இறுக்கி அடைக்க வேண்டும். அந்தக் கலவை இறுகும் வரை முட்டு நிற்கட்டும்.

சும்மா ஓடும் நாட்கள்

காண்ட்ராக்டர் ஒரே நேரத்தில் மூன்று, நாலு சைட் ஓட்டுவார். அதில் தவறில்லை, ஆட்களைத் தொடர்ந்து வைத்திருக்க வேறு வழியுமில்லை. உங்கள் அட்வான்ஸில் முந்தைய சைட்டின் பாக்கியை அடைப்பதுதான் சிக்கல். அப்படி ஆரம்பித்தால் உங்கள் சைட்டை முடிக்க அடுத்தவரின் அட்வான்ஸ் வரவேண்டும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு: ஆள் வந்திருக்கும், பொருள் இருக்காது. கொத்தனார் இரண்டு பேர் காலையில் வந்து, மணல் இல்லாமல் பத்து மணி வரை உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். "லோடு வரல" என்றால் எப்போது, யாரிடம் ஆர்டர் கொடுத்தார் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் பணம் கொடுபடவில்லை என்றுதான் பொருள்.

வீட்டுக்காரரால் வரும் தாமதமும் இதற்குக் குறைந்ததில்லை. சொன்னால் கோபம் வரும், இருந்தாலும் சொல்லியாக வேண்டும். டைல்ஸ் எடுக்கக் குடும்பத்தோடு நாலு கடை ஏறி இறங்கி இரண்டு வாரம் போகும். அந்த இரண்டு வாரத்தில் டைல்ஸ் ஒட்டுகிறவர் வேறு வேலை பிடித்துப் போயிருப்பார். அவர் திரும்பி வர இன்னும் பத்து நாள். முடிவு சொல்லத் தாமதித்த நாளோடு கணக்கு முடிவதில்லை; ஆள் கைநழுவிப் போன நாளும் சேரும்.

எந்த முடிவை எப்போது சொல்ல வேண்டும் என்பதற்குக் கெடு இருக்கிறது. ஃபேன், விளக்கு எங்கே என்பது தளத்துக் கம்பி கட்டும் முன். ஏ.சி. இடமும் அதன் தண்ணீர்ப் பைப் எந்தப் பக்கம் சரியும் என்பதும், சுவிட்ச் போர்டு உயரமும், சுவர் வெட்டும் முன். பாத்ரூம் குழாய்களின் மாடல் பிளம்பர் வரும் முன்; டைல்ஸ் கனமும் அதே நேரத்தில். கடைசி இரண்டையும் ஏன் சேர்த்துச் சொல்லவேண்டும் என்றால், சுவருக்குள் புதைக்கும் டைவர்ட்டர் (தண்ணீரை ஷவருக்கும் குழாய்க்கும் மாற்றிவிடும் வால்வு) இவ்வளவு ஆழத்துக்குள் இருக்க வேண்டும் என்று அதன் மேல் மூடியிலேயே குறி இருக்கும். பூச்சும் ஒட்டுப் பசையும் டைலும் சேர்ந்த முகம் அந்தக் குறிக்குள் வரவேண்டும். 8 மி.மீ. டைலுக்கு வைத்துவிட்டுப் பிறகு 15 மி.மீ. கல்லுக்கு மாறினால் கைப்பிடி வெளியே எட்டாது. ஒன்று, நீட்டுத் துண்டு தேடி அலைய வேண்டும். இல்லையென்றால் டைலை உடைக்க வேண்டும்.

ஆர்டர் கொடுத்துச் செய்யும் பொருட்கள் இன்னொரு பொறி. ஜன்னலுக்கு அளவு எடுத்து வர மூன்று முதல் ஆறு வாரம் ஆகலாம். பூச்சு முடிந்து அளவு எடுத்தால் அந்த வாரங்கள் அப்படியே முழுசாகக் கூடும். ஜன்னல் திறப்புக்குப் பலகைச் சட்டம் ஒன்று அடித்து வைத்து, பூச்சை அந்தச் சட்டத்தோடு நிறுத்தச் சொல்லிவிட்டு, சுவர் ஏறியதுமே ஆர்டர் கொடுத்துவிடலாம். கதவு, அலமாரி, கிரானைட் எல்லாவற்றுக்கும் இதே விதி: தேவைப்படும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, மேலே ஒரு வாரம் சேர்த்து ஆர்டர் தேதியைக் குறியுங்கள்.

மழையைப் பற்றி இரண்டே வரி. பெரும்பாலும் அஸ்திவாரக் குழி வேலையும் வெளிப்பூச்சு வேலையும்தான் மழையால் தடைபடும். கூரைக்குப் பின் உள்வேலைகளுக்கு மழை சாக்கு ஆகாது, பெயிண்ட் மட்டும் மெதுவாகக் காயும்.

எழுதி வாங்க வேண்டியவை

ஒப்பந்தத்தில் தொடங்கும் தேதியும் முடிக்கும் தேதியும் இருந்தால் மட்டும் போதாது. நடுவில் நாலு தேதி வேண்டும்: பிளிந்த் பீம், தளம், உள்பூச்சு, டைல்ஸ். முடிவுத் தேதி தவறப்போகிறது என்பது தளத்துத் தேதி தவறும்போதே தெரிந்துவிடும். அப்போது கையில் பணமும் இருக்கும், நேரமும் இருக்கும்.

பணத்தைத் தேதிக்குக் கட்டாதீர்கள், முடிந்த கட்டத்துக்குக் கட்டுங்கள். ஒரு மாதிரி: அட்வான்ஸ் 10 சதவீதம், பிளிந்த் பீம் முடிந்ததும் 15, லிண்டல் வரை சுவர் 10, தளம் போட்டதும் 20, பூச்சு முடிந்ததும் 15, டைல்ஸும் ஒயரிங்கும் பாத்ரூமும் முடிந்ததும் 15, ஒப்படைக்கும்போது 10, ஆறு மாதம் கழித்து மீதி 5. கூரை வரை 55 சதவீதம் போகிறது. "தளம் போட்டதும் 80" என்று கேட்கிறவர்கள் நிறைய. பாதிக்கு மேல் நாள் பாக்கியிருக்கும்போது ஐந்தில் ஒரு பங்குப் பணம்தான் பாக்கி என்றால், அதற்குப் பிறகு உங்கள் சைட்டுக்கு அவர் எதற்காக ஆள் அனுப்புவார்?

தாமதத்துக்கு வாரத்துக்கு இவ்வளவு கழிவு என்றும் எழுதலாம். உங்களுக்கு உண்மையில் ஆகும் நஷ்டத்தை ஒட்டி (வேறிடத்தில் இருந்தால் வாடகை, பொருள் வைக்கும் செலவு) தொகையை வைத்து, மொத்தத் தொகையில் 5 அல்லது 10 சதவீதம் என்று உச்சவரம்பு போடுங்கள். மலைப்பான தொகை எழுதினால் வழக்கிலும் நிற்காது, காண்ட்ராக்டரும் அதை முன்கூட்டியே விலையில் ஏற்றிவிடுவார். கூடவே, எந்தெந்தக் காரணத்துக்கு நாள் நீட்டிப்பு உண்டு என்பதும் வேண்டும்: நீங்கள் சொன்ன மாற்றம், நீங்கள் தரவேண்டிய பொருள் வராதது, வேலை செய்ய முடியாத மழை. ஒவ்வொன்றையும் நிகழ்ந்த ஒரு வாரத்துக்குள் அவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாக "20 நாள் மழை" என்று சொல்ல இடம் தரக் கூடாது.

மாற்றங்களுக்கு விலையோடு நாளையும் எழுதுங்கள். "இங்க ஒரு ஷெல்ஃப் போட்டுடுங்க" என்று நின்ற இடத்தில் சொல்வது சுலபம். அதற்கு இவ்வளவு பணம், இத்தனை நாள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்து, நீங்கள் "சரி" என்று பதில் போட்ட பிறகே கை வைக்கச் சொல்லுங்கள்.

வேலை நடக்கும்போது

தினமும் சைட்டில் நின்று மேஸ்திரியை விரட்டுவது பலன் தராது. வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில், காண்ட்ராக்டரையே வரச்சொல்லி அரை மணி நேரம் உட்காருங்கள். போன வாரம் சொன்னதில் எது முடிந்தது, அடுத்த மூன்று வாரத்தில் என்ன வேலை, அதற்கு எந்தப் பொருளும் எந்த ஆளும் வேண்டும், உங்களிடமிருந்து என்ன முடிவு வேண்டும். நாலே கேள்வி. பதிலை எழுதி அவருக்கே அனுப்பிவிடுங்கள். தினசரி ஒரு நோட்டில் எத்தனை கொத்தனார், எத்தனை ஆள், மழை உண்டா, என்ன லோடு வந்தது என்று ஒரு வரி. பின்னால் தகராறு வந்தால் இந்த நோட்டைப் போல் உதவுவது வேறில்லை.

பைப்பும் ஒயரும் பதித்த பிறகு, பூசும் முன், ஒவ்வொரு சுவரையும் டேப் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கும் தாமதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். பெயிண்ட் அடித்த பின் ஒரு கசிவு வந்தால் எங்கே உடைப்பது என்று தேடும் மூன்று நாள் மிச்சமாகும்.

நின்றுபோனால்

ஒரு வாரமாக ஆள் இல்லை, போன் எடுக்கவில்லை. முதலில் உங்கள் பக்கம் பணமோ முடிவோ பொருளோ பாக்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், மீதமிருக்கும் வேலைகளைப் பட்டியல் போட்டு, புதுத் தேதிகளோடு திட்டம் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். பதிலுக்கு 7 நாள். ஆள் பற்றாக்குறைதான் காரணம் என்று தெரிந்தால், டைல்ஸையோ பெயிண்டையோ ஒப்பந்தத்திலிருந்து பிரித்து நீங்களே வேறு ஆள் வைத்துக்கொண்டு அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளப் பேசுங்கள். பல காண்ட்ராக்டர்கள் நிம்மதியோடு சம்மதிப்பார்கள். காரணம் பணம் என்றால் இன்னொரு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். பொருளை நீங்களே வாங்கிக் கடைக்கு நேராகப் பணம் கொடுத்து, கூலியை வாரக் கணக்கில் முடிந்த வேலைக்கு மட்டும் கொடுங்கள். "கொஞ்சம் பணம் போட்டாத்தான் சார் வேலை ஓடும்" என்ற வரிக்கு மயங்கிக் கொடுத்த பணம் பெரும்பாலும் வேறு சைட்டில்தான் ஓடும்.

அதற்கும் வழிக்கு வரவில்லையென்றால் ஒப்பந்தத்தில் சொன்னபடி நோட்டீஸ் கொடுத்து முடித்துக்கொள்ளலாம். புது ஆளை இறக்கும் முன் ஒரு வெளி என்ஜினியரை வைத்து முடிந்த வேலையை அளந்து, படம் எடுத்து, பழைய காண்ட்ராக்டரையும் வரச்சொல்லிக் கையெழுத்து கேளுங்கள். வராவிட்டால் அதையும் அளவுத்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சைட்டில் கிடக்கும் கம்பி, பலகை, முட்டு யாருடையது என்பதைப் பிரித்து எழுதுங்கள். முட்டு வாடகைக்கு எடுத்ததாக இருக்கும், வாடகைக்காரர் ஒரு நாள் வண்டியோடு வந்து நிற்பார். புதிதாக வருகிறவர் முந்தையவரின் வேலைக்குப் பொறுப்பேற்கத் தயங்குவார். விலையும் கூடுதலாகச் சொல்வார். இரண்டு, மூன்று வாரம் இதிலேயே போகும். அதனால் 80 சதவீதம் முடிந்த வேலையில் ஆளை மாற்றுவதை விட, பாக்கியைத் துண்டு துண்டாகப் பிரித்து முடித்துக்கொள்வது பெரும்பாலும் சீக்கிரம் முடியும்.

ஒப்படைக்கும் நாளில் அறை அறையாக நடந்து குறைகளை ஒரே பட்டியலாக எழுதுங்கள்: தட்டினால் டொக்கென்று கேட்கும் டைல், தண்ணீர் தேங்கும் மூலை, இழுத்தால் பிடிக்கும் ஜன்னல், எர்த் இல்லாத பிளக். தினம் ஒன்றாகச் சொன்னால் அதற்காக மட்டும் யாரும் வரமாட்டார்கள். பட்டியல் மொத்தமாக இருந்தால் பிளம்பர் ஒரு நாள், எலக்ட்ரீசியன் ஒரு நாள், கொத்தனார் இரண்டு நாள் என்று முடிந்துவிடும். ஒப்படைப்புக்கான 10 சதவீதத்தைக் கடைசிக் குறைக்கும் டிக் அடித்த அன்று கொடுங்கள். பழைய வீட்டோடு சேரும் கோட்டையும் கூரை இணைப்பையும் ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு மீதி 5-ஐக் கொடுங்கள்.